கொடி கட்டிய ஜீப்பில் தாய்மாமன்

முந்திப் போகத் தெரியாத ஒருவன் இருபது வருடம் டிரைவராகப் பிழைப்பு நடத்த முடியுமா என்று கேட்டால், முடியும். நெய்வேலிச் சுரங்கத்துக்குள் முடியும். அதற்கு நான்தான் சாட்சி. ஆனால் அந்த ஆளைத் தலைநகரத்தின் எக்ஸ்பிரஸ் சாலையில், அதுவும் ஒரு காது குத்துக்கு, அதுவும் தாய்மாமனாக அனுப்பி வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் இங்கே விஷயம். எங்கள் வீட்டில் இதை எல்லாருமே என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் சொல்ல ஆரம்பித்தால் மட்டும் பாதியிலேயே களைப்பாகிவிடுகிறது.

சுரங்கத்தில் மேல்மண் அள்ளும் கான்ட்ராக்டரிடம் நான் ஜீப் டிரைவர். ஷிப்டுக்கு வருகிற ஆட்களைக் கீழே இறக்க வேண்டும், வேலை முடிந்தவர்களை மேலே ஏற்றிவர வேண்டும். நடுவில் டீ கேன், டீசல் கேன், சூப்பர்வைசரின் கோபம் எல்லாவற்றையும் சுமக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால் அதே பாதையில்தான் வீடு உயரத்துக்கு டம்பர் லாரிகள் வந்து போய்க்கொண்டிருக்கும். அந்த உயரத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு என் ஜீப் கண்ணிலேயே படாது. அதனால் சின்ன வண்டி ஒவ்வொன்றிலும் நீளமாக ஒரு கம்பியை நட்டு, உச்சியில் சிவப்புக் கொடி கட்டியிருப்பார்கள். கூரையில் மஞ்சள் விளக்கு சுழலும். டம்பரை முந்தக் கூடாது. கொடிக்காரர் கொடி காட்டினால் நிற்க வேண்டும், அவர் விட்டால்தான் போக வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. வண்டியைக் கிளப்ப ஒரு ஹாரன், முன்னால் நகர இரண்டு, பின்னால் எடுக்க மூன்று. இதெல்லாம் எனக்கு விதியாக நினைவில் இருப்பதில்லை, கை காலில் ஏறிப்போய்விட்டது. (எங்கள் சந்தில் டூவீலரைப் பின்னால் தள்ளும்போதுகூட மூன்று ஹாரன் அடிப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் இதனாலேயே ரொம்ப நாள் எங்களோடு பேசவில்லை.)

என் தங்கை கலாவை அம்பத்தூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். 'கொடுத்திருக்கிறோம்' என்று பன்மையில் சொல்வது ஒரு கௌரவத்துக்குத்தான். அப்பா, அம்மா இரண்டு பேருமே அவள் கல்யாணத்துக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது நானும் என் மனைவி செல்வியும் மட்டும்தான். மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள், படித்தவர்கள், கூட்டம் ஜாஸ்தி. கல்யாணத்தன்று எங்கள் பக்கம் போட்டிருந்த நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்த வீட்டுப் பெரியம்மா ஒருவர், பொண்ணு வீட்டில் இவ்வளவு பேர்தானா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். கேட்டவர் அன்றைக்கே மறந்திருப்பார். கலா மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை.

அதனால் அவள் மகள் யாழினிக்குக் காது குத்து என்று நாள் குறித்தபோது, எங்கள் இரண்டு பேருக்குமே அது வெறும் காது குத்தாக இல்லை. குழந்தைக்கு அப்போது மூன்று வயது. முன்பே குத்தியிருக்க வேண்டியது, மாமனாருக்கு ஆபரேஷன், அது இது என்று தள்ளிப்போய்விட்டது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். சமையல்காரர் வராவிட்டால் ஹோட்டலில் வாங்கிக்கொள்ளலாம். தாய்மாமனை எங்கே வாங்குவது? முதல் வாரமே கலா போன் செய்தாள்.

"அண்ணா, சீர் பெருசா ஒண்ணும் வேணாம். நீ நேரத்துக்கு வந்து உட்கார்ந்தா போதும். அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, பன்னெண்டுக்கு எமகண்டம். அதுக்குள்ள முடிக்கணும்னு இவங்க அம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க."

நான், முந்தின நாளே வந்து வாசலில் படுத்துக்கொள்கிறேன் என்று வீரமாகச் சொன்னேன். அதன்பிறகு லீவு கேட்கப் போனேன். கான்ட்ராக்ட் ஆளுக்கு லீவு என்பது சம்பளத்தோடு மட்டும் போவதில்லை, சில சமயம் வேலையோடும் போய்விடும். சனிக்கிழமை நைட் ஷிப்டைப் பார்த்துவிட்டு ஞாயிறு போய்வா என்றார்கள். சரிங்க என்றேன். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு 'சரிங்க' என்பது தானாக வந்துவிடும், தனியாகப் பழக வேண்டியதில்லை. அந்தச் 'சரிங்க'வில் மனமிரங்கியோ என்னவோ, சீர்த் தட்டுகளோடு பஸ்ஸில் அலைய வேண்டாம், ஜீப்பையே எடுத்துக்கொள் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். என் நாசத்துக்கு அந்த நல்லெண்ணம்தான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் என் மண்டைக்கனம். கிளம்பும்போதே செல்வி அந்தக் கொடியை அவிழ்க்கச் சொன்னாள். கம்பியைப் பற்றவைத்திருக்கிறார்கள், எடுக்க முடியாது என்றேன். கம்பி இருக்கட்டும், கொடி துணிதானே என்றாள். நியாயமான கேள்வி. ஆனால் எனக்குள் வேறொரு படம் ஓடிக்கொண்டிருந்தது. அம்பத்தூர் மண்டப வாசலில் கொடி பறக்க, மஞ்சள் விளக்கு சுழல, நான் வந்து இறங்குகிறேன். யாரோ அதிகாரி வந்திருக்கிறார் என்று சம்பந்தி வீட்டார் வாசலுக்கு வருகிறார்கள். அந்தப் பெரியம்மாவும் வருகிறார். இதையெல்லாம் மனைவியிடம் சொல்ல முடியுமா? பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று சொல்லி வைத்தேன்.

ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்து, குளித்து, பட்டுச் சட்டை போட்டு, கண் எரிய எரிய வண்டியை எடுத்தேன். பின்னால் சீர்த் தட்டுகள், பண்ருட்டிப் பலாப்பழம் இரண்டு, செல்வியின் கைப்பையில் நாங்கள் வாங்கிய தோடு. விக்கிரவாண்டி, திண்டிவனம், செங்கல்பட்டு எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. சாலை அகலமாக இருந்ததால் எல்லாரும் என்னை முந்தினார்கள், நான் யாரையும் முந்தவில்லை, இரண்டு தரப்புக்கும் சந்தோஷம். பெருங்களத்தூரை அடைந்தபோது கையில் தாராளமாக நேரம் இருந்தது. டீ குடிக்கலாமா என்று நான் கேட்டேன். (அந்த டீயைக் குடித்திருந்தால் எல்லாமே மாறியிருக்கும் என்று செல்வி இன்றைக்கும் சொல்வாள். வேண்டாம் என்று சொன்னதே அவள்தான்.)

மாப்பிள்ளை போனில் வழி சொல்லியிருந்தார். பெருங்களத்தூரில் பைபாஸில் ஏற வேண்டும், அம்பத்தூர் என்று போர்டு வரும், இடது பக்கம் இறங்க வேண்டும், அவ்வளவுதான். ஊருக்குள் எங்கேயும் இறங்காமலே ஊரை ஓரமாக அறுத்துக்கொண்டு, சிக்னல் இல்லாமல் குறுக்குத் தெரு இல்லாமல், வடக்கே புழலில் கொண்டுபோய் விடுகிற சாலை அது. மேலே ஏறியதும்தான் எனக்குப் பயம் பிடித்தது. இரண்டு பக்கமும் வீடுகள், ஏரி, கம்பெனிகள், எதற்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை. நிற்க முடியாது, திரும்ப முடியாது, யாரிடமும் வழி கேட்க முடியாது. கார்கள் இரண்டு பக்கமும் சீறிக்கொண்டு போயின. டம்பர் வருகிற பாதையில் நான் ஒருநாளும் இப்படிப் பயந்ததில்லை. அங்கே எல்லாருக்கும் ஒரு முறை உண்டு.

அப்போதுதான் முன்னால் அந்த டிரெய்லர் தெரிந்தது. எண்ணவே முடியாத சக்கரங்கள், மேலே தார்ப்பாய் சுற்றிய ஒரு பெரிய இரும்பு உருளை. ஏதோ ஆலைக்குப் போகிறது போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பகலில் விட்டிருந்தார்கள். சைக்கிளில் போகிறவன் அதை முந்திவிடலாம். வண்டியின் வால் பக்கத்து மேடையில் ஒரு மனிதர் சிவப்புக் கொடியோடு நின்று ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்கு 'அப்பாடா' என்றிருந்தது. அந்தச் சாலையில் எனக்குப் புரிகிற முதல் விஷயம் அதுதான். பெரிய வண்டி, சிவப்புக் கொடி, கொடிக்காரர். உடனே வேகத்தைக் குறைத்து, ஹெட்லைட்டைப் போட்டு, முறையான இடைவெளி விட்டு, அதன் பின்னாலேயே ஊர்ந்தேன்.

கொஞ்ச நேரம் செல்வி பொறுத்துப் பார்த்தாள். வலது பக்கம் இடம் இருக்கிறதே, எல்லாரும் போகிறார்களே, நாம் ஏன் போகவில்லை என்று கேட்டாள். கொடி காட்டுகிறார் பார் என்றேன்.

"அது நமக்கு இல்லீங்க. பொதுவா எல்லாருக்கும் காட்டறாரு."

"எல்லாருக்கும்னா நமக்கும்தானே?"

அதற்குள் கொடிக்காரர் எங்களைப் பார்த்துவிட்டார். எங்கள் கம்பி, எங்கள் கொடி, கூரை விளக்கு, எல்லாவற்றையும் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை அவ்வளவு தூரத்திலிருந்தே பார்க்க முடிந்தது. டிரெய்லரைத் தட்டி நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவந்தார். பேர் ஏழுமலை, திண்டிவனம் பக்கம் என்று பிறகு தெரிந்தது.

"இன்னா தம்பி, எங்க போயிட்ட நீ? காலைலேந்து பின்னால காவலுக்கு வர்ற பைலட் வண்டி இல்லாம உசுர கைல புடிச்சிகினு நிக்கறேன். மொதல்ல அந்த லைட்ட போடு."

நியாயமாக நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அண்ணே, நான் உங்கள் வண்டி இல்லை, என் தங்கை மகள் காது குத்துக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் "சரிங்க" என்றது. கை தானாகப் போய் விளக்கைப் போட்டது. கூரையில் மஞ்சள் சுழல ஆரம்பித்தது. செல்வி என்னையே பார்த்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

பிறகு அவளே தலையை வெளியே நீட்டி, நாங்கள் விசேஷத்துக்குப் போகிறவர்கள், உங்களுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்று விளக்கினாள். ஏழுமலை பின் சீட்டில் தொங்கிய என் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டைப் பார்த்தார். கொடியை அண்ணாந்து பார்த்தார்.

"விசேஷத்துக்கு யாரும்மா கொடி கட்டிகினு போவாங்க?" என்றார்.

அவர் ஓடிப்போய் மேடையில் ஏறிக்கொண்டார். டிரெய்லர் நகர்ந்தது. இரண்டு ஹாரன் அடித்து நானும் நகர்ந்தேன்.

அதற்கப்புறம் நடந்ததை ஊர்வலம் என்றுதான் சொல்ல வேண்டும். டோல்கேட்டில் ஓரத்து அகல வழியைத் திறந்து டிரெய்லரை விட்டார்கள், அதோடு சேர்த்து என்னையும் கையசைத்து விட்டார்கள். ஒரு போலீஸ்காரர் மரியாதையாக ஒதுங்கி நின்றார். நான் காலையில் கனவு கண்ட மரியாதை எல்லாம் கிடைத்தது, இடம்தான் வேறு. பின்னால் வருகிற கார்கள் என் விளக்கைப் பார்த்து ஒதுங்கிப் போயின. நைட் ஷிப்டு தூக்கம் கண்ணை அழுத்தியது. அந்த வேகத்தில் ஓட்டுவதும் தாலாட்டுவதும் ஒன்றுதான். செல்வி கையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை என் முகத்தில் தெளித்தாள். பட்டுச் சட்டை நனைந்தது.

இடையில் கலாவின் போன் வந்துகொண்டே இருந்தது. செல்விதான் எடுத்தாள். பாலத்து மேலே வருகிறோம் என்றாள். கொஞ்ச நேரம் கழித்தும் பாலத்து மேலே வருகிறோம் என்றாள். அது எவ்வளவு நீளமான பாலம் அண்ணி என்று கலா கேட்டாள். அந்தச் சாலை பாதி தூரம் பாலமாகத்தான் இருக்கிறது, செல்வி சொன்னதில் பொய் இல்லை. ஆனால் ஒவ்வொரு போனுக்கும் கலாவின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. பக்கத்தில் ஆட்கள் இருக்கும்போது பேசுகிற குரல் அது. கடைசியாக அவள் பேசியது எனக்கே கேட்டது.

"அண்ணி, எல்லாரும் என்னையே பார்க்கறாங்க. எதுவுமே கேக்க மாட்டேங்கறாங்க. கேட்டாகூடப் பரவால்ல."

என் தங்கைக்கு இருந்தது ஒரே ஒரு நாற்காலி, அதுவும் காலியாக இருந்தது. அதை நிரப்ப வேண்டியவன் யாருடைய இரும்புக்கோ காவல் போய்க்கொண்டிருந்தேன். போதும், அடுத்து போர்டு வந்ததும் இறங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். அம்பத்தூர் போர்டும் வந்தது. இடது பக்கம் கையைக் காட்டி வண்டியை ஒடித்தேன்.

டிரெய்லர் நின்றது. ஏழுமலை மறுபடியும் ஓடிவந்தார். இந்தத் தடவை அதட்டவில்லை. நாங்கள் பைலட் வண்டி இல்லை என்பது அவருக்கும் எப்போதோ புரிந்திருந்தது. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார்.

"தெரியும் தம்பி, நீ அந்த வண்டி இல்ல. போன மாசம் இதேமாரி பின்னால வண்டி இல்லாம வந்தோம். ஒரு கார்காரன் வந்து எம் மச்சான் கால ஒடச்சிட்டுப் போயிட்டான். இன்னும் படுத்துகினுதான் கெடக்கறான். புழல் வரைக்கும் வந்துடு. எம் பின்னால உன் வெளக்கு சுத்துனா கொஞ்சம் ஒதுங்கிப் போறானுங்க."

அவருக்குப் பின்னால் பார்த்தேன். அவர் நின்றுகொண்டு வந்த மேடையில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு மட்டும்தான் கட்டியிருந்தது. என் பக்கத்தில் செல்வி மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தாள். இடது பக்கம் அம்பத்தூருக்கு இறங்குகிற சாலை, காலியாக, கையெட்டும் தூரத்தில் இருந்தது.

நான் "சரிங்க" என்றேன். இதை நல்ல மனசு என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் நல்ல மனசு. பாதி இரக்கம், பாதி பழக்கம். எது எவ்வளவு என்று எனக்கே தெரியாது. செல்வி போனை எடுத்து கலாவிடம், இன்னும் நேரமாகும் போலிருக்கிறது, எங்களுக்காகப் பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாளா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

புழலில் சாலை முடிகிற இடத்தில் டிரெய்லரைத் திருப்பத் தனி ஆள் வேண்டும் என்றார்கள். பட்டுச் சட்டைக்கு மேல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நானும் இறங்கிக் கொடி பிடித்தேன். (வந்ததுதான் வந்தோம்.) திருப்பி முடிக்கிற நேரத்தில் உண்மையான பைலட் வண்டி வந்து சேர்ந்தது. அதில் கொடியும் இல்லை, விளக்கும் இல்லை. வழியில் டயர் பஞ்சராம். அந்த டிரைவர் இறங்கி, என் இடத்தில் நீ யார் என்கிற மாதிரி முறைத்தான். செல்வி அதற்குள் ஒரு பலாப்பழத்தைத் தூக்கி ஏழுமலையிடம் கொடுத்திருந்தாள். காலையிலிருந்து வெயிலில் நிற்கிறார், பாவம் என்றாள். அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, போய் வா என்று பச்சைக் கொடியை ஆட்டினார். அவரிடம் பச்சைக் கொடியும் இருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அம்பத்தூருக்குத் திரும்பி வரும்போது முன்னால் ஒரு தண்ணீர் லாரி. தளும்பத் தளும்ப, ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. வழக்கம்போல் இடைவெளி விட்டுப் பின்னால் சேர்ந்துகொண்டேன். செல்வி என் பக்கம் திரும்பினாள்.

"இதையும் கொண்டுபோய் வீட்டுல விட்டுட்டுதான் வரணுமா?"

அன்றைக்குத்தான் நான் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கனரக வண்டியை முந்தினேன். கண்ணை மூடிக்கொண்டு முந்தினேன் என்று சொந்தக்காரர்கள் சொல்வது பொய். கண்ணை மூடியிருந்தது செல்வி.

மண்டபத்தில் நடந்ததைப் பிறகு பலர் சொல்லிக் கேட்டேன். எல்லாரும் முடிந்தவரை பொறுத்திருக்கிறார்கள். ஆசாரி இரண்டு தடவை கையைக் கழுவித் துடைத்துவிட்டார். கடைசியில், நல்ல நேரம் போகிறது, குழந்தைக்கு அத்தை வீட்டுக்காரரும் மாமா முறைதானே, அவர் மடியிலேயே உட்கார வைக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் பேங்க் மேனேஜர். தங்கமான மனிதர். எனக்குச் சங்கடமாக இருக்கிறது என்று அவரே மூன்று தடவை சொல்லியிருக்கிறார். கலா தலையைக் குனிந்துகொண்டே குழந்தையை அவர் மடியில் வைத்திருக்கிறாள். இடது காது முடிந்தது. அவர்கள் வீட்டுக் கல் வைத்த தோடு ஏறியது. யாழினி வீறிட்டு அழ, ஆசாரி வலது காதுப் பக்கம் நகர்ந்திருக்கிறார்.

அந்த நேரத்தில் வாசலில் நான் வண்டியை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தேன். சின்னத் தெரு, பின்னால் எடுத்தால்தான் நிறுத்த முடியும். யோசிக்காமலே கை போயிற்று. மூன்று ஹாரன்.

ஊரில் ஆயிரம் பேர் ஹாரன் அடிப்பார்கள். பின்னால் போவதற்கு நிதானமாக மூன்று தடவை அடிப்பவனைக் கலாவுக்கு மட்டும்தான் தெரியும். ஆசாரியின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாளாம்.

"அந்தக் காது இருக்கட்டுங்க. எங்க அண்ணன் வந்துட்டாரு."

நான் உள்ளே நுழைந்தபோது மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. அதிகாரி என்று யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. சுவரில் கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. எமகண்டம். கூட்டத்தில் ஒருவர் மெதுவாக அதைச் சுட்டிக் காட்டினார். எல்லாரும் கலாவின் மாமியாரைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் பஞ்சாங்கம் பார்க்காமல் தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டார். என்னை ஒரு பார்வை, அழுது முகம் வீங்கிய கலாவை ஒரு பார்வை, கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"இந்த மண்டபத்துக் கடிகாரம் எப்பவுமே கொஞ்சம் வேகமா ஓடும். நீங்க உட்காருங்க தம்பி" என்றார்.

அத்தனை பேர் கையிலும் செல்போன் இருந்தது. ஒருவர்கூட அதை எடுத்துப் பார்க்கவில்லை. அந்த வீட்டாரை நான் மனசுக்குள் எவ்வளவு தவறாக எடை போட்டு வைத்திருந்தேன் என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது. பேங்க்காரர் எழுந்து என் கையைப் பிடித்து மணையில் உட்கார வைத்தார். அவ்வளவு நிம்மதியான முகத்தை நான் பார்த்ததில்லை.

யாழினிக்கு மட்டும் நிம்மதி இல்லை. அவள் கணக்கில் வலி முடிந்துபோயிற்று. எங்கிருந்தோ ஒரு ஆள் வந்து உட்கார்ந்து மறுபடியும் ஆரம்பிக்கிறான். என் மடியில் அவள் உதைத்த உதை, கடித்த கடி, இழுத்த முடி எல்லாம் அந்த மண்டபத்தில் இருந்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். தூக்கக் கலக்கம் என்று பிறகு சொல்லிச் சமாளித்தேன். வலது காதில் நாங்கள் கொண்டுபோன தோடு ஏறியது. இரண்டு காதிலும் இரண்டு விதம்.

ஜாக்கெட்டைக் கழற்றவில்லை என்பதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. போட்டோ வந்தபோதுதான் தெரிந்தது. ஃபிளாஷ் வெளிச்சம் பட்டு ஜாக்கெட்டின் பட்டைகள் பளீரென்று எரிகின்றன. அந்த வெளிச்சத்தில் மற்றவர்கள் முகமெல்லாம் இருட்டு. நடுவில் மாலையோடு சில கோடுகள் மட்டும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. கலா அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாள். யாராவது புதிதாக வந்தால், இவர்தான் எங்க அண்ணன் என்று அந்தக் கோடுகளைக் காட்டுகிறாள்.

யாழினி இப்போது பெரிய வகுப்புக்கு வந்துவிட்டாள். அந்த வீட்டில் அவளுடைய இடது காதுக்குப் பேர் பேங்க் காது, வலது காதுக்குப் பேர் மைன்ஸ் காது. மைன்ஸ் காது ஆறுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குக் காரணம் எமகண்டம்தான் என்று அவள் பாட்டி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, கடிகாரம் வேகம் என்பதில் உறுதியாக இருக்கிறார். சொன்னதைக் கேட்காவிட்டால் எந்தக் காதில் வாங்கினாய் என்று கலா அதட்டுவாள். பேங்க் காதில் என்றால் அத்தை வீட்டுக்காரருக்கு வருத்தம், மைன்ஸ் காதில் என்றால் எனக்கு. அதனால் அவள் இரண்டையும் பொத்திக்கொள்வாள்.

எனக்கு ஷிப்டு முடிகிற நேரம் வாரத்துக்கு ஒன்றாக மாறும். உடம்பு அலுத்து, யாரோடும் பேசப் பிடிக்காத நேரத்தில் அவளுக்குத்தான் போன் செய்வேன். எடுத்தவுடன் யார் என்று கேட்க மாட்டாள், சாப்பிட்டீர்களா என்றும் கேட்க மாட்டாள். அந்தப் பக்கம் போன் உரசுகிற சத்தம் கேட்கும்.

"மாமா, ஒரு நிமிஷம் இருங்க. மைன்ஸ் காதுக்கு மாத்திக்கறேன்."